போபோய்போய் கார்டு செட் நாமளே செய்யலாம்: முதல் பென்சில் கோட்டுல இருந்து கடைசி வெட்டு வரைக்கும்

எங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் பள்ளிக்கூடத்துல ரெஹாட் (இடைவேளை) மணி அடிச்சா பாதிப் பசங்க கேண்டீனுக்கு ஓடுவாங்க, மீதிப் பேர் கார்டை எடுத்துக்கிட்டு தூணோரமா உட்கார்ந்துடுவாங்க. கடையில விக்கிற பாக்கெட் கார்டுல எழுத்து இங்கிலீஷ்லயோ ஜப்பான் பாஷையிலயோ இருக்கும், ரெண்டாம் வகுப்புப் பையனுக்கு அதுல என்ன விதி எழுதியிருக்குன்னு தெரியாது, நம்பரை மட்டும் பாத்து யார் கார்டு பெரிசுன்னு சண்டை போடுவான், அவ்வளவுதான் விளையாட்டு. அதே பையன் சாயங்காலம் டிவியில பாக்குற கார்ட்டூன் கதையை அக்கு அக்கா சொல்லுவான். அந்தக் கதையை வச்சு, தமிழ்ல படிச்சு விளையாடுற மாதிரி ஒரு செட் நாமளே டிசைன் பண்ணலாம், ஒரு போன், ஒரு பழைய லேப்டாப், டவுன்ல ஒரு பிரிண்டிங் கடை இருந்தா போதும். தோட்டத்துல இருந்து தாமானுக்கு (டவுன் குடியிருப்புக்கு) வந்த குடும்பத்துப் பசங்களோட உட்கார்ந்து செஞ்சு பாத்து எனக்குப் பிடிபட்ட வழியை முழுசா எழுதுறேன்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடிதான். கார்டுல படம் அழகா இருக்கறது ரெண்டாவது. அந்தக் கேரக்டர் கதையில எப்படி நடந்துக்குமோ அப்படியே கார்டும் நடந்துக்கணும். போபோய்போய் கார்ட்டூன்னு வச்சுக்குங்க, படத்தை மூடி வச்சுட்டு விதியை மட்டும் படிச்சாலும் "இது கோபால்தானே"ன்னு பையன் சொல்லணும். அது வந்துடுச்சுன்னா பென்சில் படமா இருந்தாலும் பசங்க விட மாட்டாங்க.

எந்தக் கதையை எடுக்கறது

நம்ம ஊர்ல எல்லாரும் பாத்த கதையா எடுங்க. உப்பின் இப்பின் 2007-ல வந்தது, அதைப் பாக்காத புள்ளை இல்ல, ஆனா அது சண்டைக் கதை இல்ல, கம்போங் (கிராமத்து) கதை. அதுக்குத் தாக்குற கார்டு செஞ்சா ஒட்டாது, ஒரே குடும்பத்தைச் சேர்க்கறது, ஜோடி சேர்க்கறது மாதிரி விளையாட்டுதான் அதுக்குப் பொருந்தும், சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்ப நல்லா இருக்கும். எஜென் அலி 2016-ல வந்தது, அதுல உளவாளிங்களுக்கு கொம்பாட், தெக்னோ, இன்விசோ, நியூரோன்னு நாலு பிரிவு கதையிலயே இருக்கறதால நாலு கலர் கார்டு உங்களுக்கு ரெடியா கிடைச்சிடுது. நான் உதாரணத்துக்கு போபோய்போயை எடுத்துக்கறேன். 2011 மார்ச்ல டிவி3-ல தொடங்கின தொடர், ஆளுக்கு ஒரு சக்தி, ஒவ்வொரு சக்திக்கும் ஒரு குறை, அதோட நம்ம கோபால் இருக்கான். கார்டுக்குன்னே செஞ்ச கதை மாதிரி இருக்கும்.

எடுத்த எடுப்புல நூறு கார்டு போடாதீங்க. 18 டிசைன் போதும். ஏன் 18-ன்னு பிரிண்ட் பகுதியில சொல்றேன், பேப்பர் கணக்கு அது.

நோட்டுப் புத்தக வேலை

இதுதான் பாதி வேலை, இதைத் தாண்டிக் குதிச்சுப் போறவங்கதான் அதிகம். ஒரு நோட்டுல கேரக்டருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி மூணு கேள்வி எழுதுங்க: இவனால என்ன முடியும், எதுல தோத்துப்போவான், இவனுக்கு என்ன வேணும். பசங்களைக் கூட உட்கார வச்சுக்குங்க, அவங்க ஞாபகம் நம்மள விட நல்லா இருக்கும்.

போபோய்போய் பக்கத்தைப் பாருங்க. அவனால மூணு ஆளாப் பிரிய முடியும், பெதிர், ஆங்கின், தானா, அதாவது மின்னல், காத்து, மண். குறை என்ன? பிரிஞ்சு ரொம்ப நேரம் இருந்தா அவனுக்கு மறதி வந்துடும், யாரு என்னன்னே குழம்பிடுவான். கதை எழுதினவங்க நமக்கு இங்க ஒரு பெரிய விதியை இலவசமா குடுத்திருக்காங்க. அதைக் கார்டாக்கினா இப்படி வரும் (கோக்கோதான் இந்த விளையாட்டுல காசு, ஏன்னு கீழ சொல்றேன்): "3 கோக்கோ குடுத்தா மூணாப் பிரியலாம். பிரிஞ்சு இருக்கற ஒவ்வொரு முறையும் உன் கையில இருந்து ஒரு கார்டைத் தூக்கிப் போடணும்." கையில இருக்கற கார்டுதான் அவனோட ஞாபகம், பலம் கூடக் கூட கை காலியாகிக்கிட்டே வரும், எப்ப திரும்ப ஒண்ணு சேரணும்னு பையன் தானே யோசிக்கணும். இந்த விதியை விளக்க வேண்டிய அவசியமே இல்ல, "ஆமா அவன் மறந்துடுவான்ல"ன்னு பசங்களே சொல்லிடுவாங்க.

கோபாலோட சக்தி பொருளைச் சாப்பாடா மாத்தறது. அதனால அவன் கார்டு எதிராளியை அடிக்கக் கூடாது. எதிராளி வச்சிருக்கற ஒரு பொருள் கார்டைச் சாப்பாடா மாத்தி, அதுல இருந்து உனக்குக் கோக்கோ கிடைக்கணும். யாயாவுக்கு ஈர்ப்பு சக்தி, எதிராளி கார்டு ஒண்ணைத் தூக்கி அந்தரத்துல நிறுத்திடுவா, அது அடுத்த முறை தாக்க முடியாது. யாயா சுடற பிஸ்கட்டை மறக்கவே கூடாது, கதையில அதைச் சாப்பிட்டவன் விழுந்துடுவான், அதனால அது ஒரு தனிப் பொருள் கார்டு: நண்பனோ எதிரியோ, யார் மேல வச்சாலும் ஒரு முறை தூங்கும். யிங் நேரத்தை ஆட்டி வைக்கிறவ, அவளுக்கு ஒரே முறையில ரெண்டு தடவை தாக்கற உரிமை. ஃபாங்குக்கு நிழல் சக்தி, ஹரிமாவ் பாயாங்னு நிழல்ல புலியை வரவழைப்பான், அவன் கார்டு பக்கத்துல ஒரு 10 சென் காசு வச்சா அதுதான் அந்த முறைக்குப் புலி.

வில்லனையும் இதே மாதிரி கவனிங்க. அடு டு பூமிக்கு வந்தது கோக்கோவுக்காக, அது வெறும் காமெடி இல்ல, மொத்தக் கதையும் அதுல இருந்துதான் கிளம்புது, போபோய்போயோட தாத்தா தோக் அபா கடையில விக்கறதும் அதேதான். அப்ப இந்த விளையாட்டுல கார்டு இறக்கறதுக்கான காசு என்னவா இருக்கணும்? கோக்கோதான். வேற விளையாட்டைப் பாத்து மானா, எனர்ஜின்னு போடாதீங்க, கதைக்குள்ளயே எல்லாரும் அடிச்சுக்கற பொருள் ஒண்ணு இருந்தா அதுதான் உங்க காசு. எங்க பசங்க கோக்கோவுக்கு கித்தா (ரப்பர் மரத்து) கொட்டையை வச்சுக்கறாங்க, இப்ப சுத்திலும் செம்பனைதான், இருந்தாலும் பழைய கித்தா மரம் நிக்கிற இடத்துல தேடிப் பொறுக்கிட்டு வந்துடறாங்க, பளபளன்னு புள்ளி புள்ளியா கையில பிடிக்க நல்லா இருக்கு.

18 டிசைனை நான் இப்படிப் பிரிப்பேன். போபோய்போய், அவனோட மூணு பிரிவு, கோபால், யாயா, யிங், ஃபாங், சக்தி வாட்ச் குடுத்த ரோபோ ஒச்சோபோட், தோக் அபா, அந்தப் பக்கம் அடு டு, அவனோட ரோபோ புரோப், ஆக 12 ஆள். பொருள் மூணு: யாயா பிஸ்கட், கோக்கோ கப், சக்தி வாட்ச். இடம் மூணு: தோக் அபா கடை, அப்புறம் நம்ம ஊர் செம்பனைத் தோட்டம், பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை). கடைசி ரெண்டு கதையில வர்ற இடம் இல்ல, நான் வேணும்னேதான் சேர்க்கறேன். தொடர்ல அவங்க இருக்கற ஊர் புலாவ் ரிந்திஸ், அவங்க நம்ம ஊருக்கு வந்தா எப்படி இருக்கும்னு பசங்க கேக்கற கேள்விக்கு அதுல இடம் இருக்கு. செம்பனைத் தோட்டம் களத்துல இருந்தா நிழல் அதிகம், ஃபாங்குக்கு 1 கூடும். பாசார் மாலாம் இருந்தா எல்லாருக்கும் 1 கோக்கோ குறைஞ்ச விலை.

நம்பர் போடறது

கணக்கு எளிமையா இருக்கட்டும். ஒவ்வொரு கார்டுக்கும் விலை எத்தனை கோக்கோவோ அதை ரெண்டால பெருக்கி ஒண்ணு கூட்டுங்க, அதுதான் அந்தக் கார்டுக்கு மொத்தப் புள்ளி. 2 கோக்கோ கார்டுக்கு 5 புள்ளி, 3 கோக்கோவுக்கு 7. அதைத் தாக்கு, தடுன்னு ரெண்டாப் பிரிக்கணும், விசேஷ சக்தி இருந்தா அதுக்கு 1-ல இருந்து 3 வரைக்கும் கழிச்சுக்கணும்.

கோபால் 2 கோக்கோ, 5 புள்ளி, சக்திக்கு 2 போச்சு, மீதி 3, தாக்கு 1 தடு 2. யாயா 3 கோக்கோ, 7 புள்ளி, சக்திக்கு 2 போக தாக்கு 3 தடு 2. போபோய்போய் 3 கோக்கோ, பிரியற சக்திக்கு 3 கழிச்சா தாக்கு 2 தடு 2. பிரிஞ்சதும் பெதிர் தாக்கு 5 தடு 1, தானா தாக்கு 1 தடு 5, ஆங்கின் ரெண்டுலயும் 3. இப்ப கூட்டிப் பாருங்க, இறக்க 3 பிரிய 3, ஆக 6 கோக்கோவுக்குக் கணக்குப்படி 13 புள்ளிதான் வரணும், மூணு பேரும் சேர்ந்தா 18 இருக்கு. அந்த 5 புள்ளி லாபத்துக்கு விலைதான் மறதி. கதையில இருக்கற குறையே கணக்கையும் சரி பண்ணிடுது பாருங்க, அதனாலதான் நோட்டு வேலையை விட்டுடாதீங்கன்னு அவ்வளவு சொன்னேன்.

விளையாட்டு விதி சுருக்கமா: ஆளுக்கு ஒரு செட், பிரிவு கார்டு மூணையும் தனியா ஓரமா வச்சுட்டு மீதி 15-ஐக் கலைக்கணும். ஆளுக்கு 10 உயிர். கையில 4 கார்டு. முதல் முறை 1 கோக்கோ, ரெண்டாவது முறை 2, இப்படி 6 வரைக்கும் ஏறும். ரெஹாட் நேரத்துக்குள்ள ஒரு ஆட்டம் முடியற அளவுக்கு இது வரும்.

பென்சில் கார்டுல விளையாடிப் பாருங்க

கம்ப்யூட்டரை இன்னும் திறக்காதீங்க. வீட்டுல பழைய சீட்டுக்கட்டு இருக்கும்ல, போக்கர் சைஸ்னா ரொம்ப நல்லது, அகலம் உயரம் ரெண்டும் டிரேடிங் கார்டு அளவுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பேப்பரை அந்த அளவுக்கு வெட்டி, பென்சில்ல பேர், விலை, நம்பர், விதி எழுதி, சீட்டோட சேர்த்து பிளாஸ்டிக் ஸ்லீவ்ல (கார்டு உறையில) சொருகிடுங்க. மாத்தணும்னா பேப்பரை மட்டும் உருவி அழிச்சு எழுதலாம்.

விளையாடும்போது நீங்க விளையாடாதீங்க, பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. எந்த இடத்துல பையன் கார்டை ரெண்டாவது தடவை படிக்கிறானோ அங்க வாக்கியம் சரியில்ல. எந்தக் கார்டு கடைசி வரைக்கும் கையிலயே கிடக்குதோ அதுக்கு விலை அதிகம். எது வந்தாலே ஆட்டம் முடிஞ்சுடுதோ அதுக்கு 1 கோக்கோ ஏத்துங்க, நம்பரையும் விலையையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னு தெரியாமப் போயிடும். சின்னவன் ஒருத்தன் பெரியவன் ஒருத்தன்னு உட்கார வச்சும் பாருங்க, நம்ம வீடுகள்ல அண்ணன் தம்பிதான் சேர்ந்து விளையாடும், தம்பி எப்பவும் தோத்துக்கிட்டே இருந்தா செட்டு அலமாரிக்குப் போயிடும்.

படம்

டிவில இருந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டலாமேன்னு தோணும். அளவு கணக்குல பாத்தா முடியும்தான், கார்டுல படத்துக்கு விடற ஜன்னல் 55-க்கு 40 மிமீ, 300 டிபிஐ-ல (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) அது 650-க்கு 472 பிக்சல்தான், முழு எச்டி படத்துல இருந்து வெட்டினாலும் தேறும். ஆனா ஓடற காட்சியில கை கால் எல்லாம் இழுத்த மாதிரி மங்கலா இருக்கும், ஒவ்வொரு காட்சிக்கும் வெளிச்சம் வேற, 18 கார்டையும் பரப்பி வச்சா ஒரே குடும்பமாத் தெரியாது. அதோட அது அடுத்தவங்க உழைச்ச படம். பசங்க வரைஞ்ச படம்தான் இந்த செட்டுக்கு உயிர், நான் இதுல உறுதியா இருக்கேன்.

ஜன்னலைப் போல ரெண்டு மடங்கு பெருசுல வரையச் சொல்லுங்க, 110-க்கு 80 மிமீ. பாதியாச் சுருங்கும்போது நடுங்கின கோடெல்லாம் சீராயிடும். பென்சில்ல வரைஞ்சு கறுப்பு மைப் பேனால மேல கோடு இழுத்து, மை காஞ்சதும் பென்சிலை அழிச்சுடணும். ஸ்கேனர் இல்லன்னா பகல்ல ஜன்னலோரத்துல வச்சு நேரா மேல இருந்து போன்ல எடுங்க, டியூப் லைட்டுக்குக் கீழ எடுத்தா உங்க நிழலே விழும். கலரை ஐபிஸ் பெயின்ட்லயோ கிரிதாலயோ போட்டுக்கலாம், ரெண்டும் காசு இல்லாமலே கிடைக்கும். கோட்டுப் படத்தைத் தனி லேயர்ல வச்சு மல்டிப்ளைல (அடியில இருக்கற கலர் தெரியற முறை) போட்டு, கலரை அடியில இருக்கற லேயர்ல அடிங்க. மொத்த செட்டுக்கும் பத்துப் பன்னெண்டு கலரை முடிவு பண்ணி அதை விட்டு வெளிய போகாம இருந்தா நாலு பேர் வரைஞ்ச படமும் ஒரே கை வரைஞ்ச மாதிரி வந்துடும்.

கேரக்டரை நிக்க வச்சு வரையாதீங்க. கோபால்னா சாப்பாடு கையில வந்த நேரம், யாயான்னா எதிரி அந்தரத்துல தொங்கற நேரம். கார்டு செய்யற வேலைதான் படத்துலயும் நடக்கணும்.

கார்டோட அளவும் அமைப்பும்

கார்டு அளவு 63-க்கு 88 மிமீ. மேஜிக், போக்கிமான் கார்டெல்லாம் இந்த சைஸ்தான். யூகியோ மட்டும் கொஞ்சம் சின்னது, 59-க்கு 86. 63-க்கு 88 எடுத்தா ஸ்லீவ், ஆல்பம் எல்லாம் சுலபமாக் கிடைக்கும்.

வெட்டும்போது கத்தி கொஞ்சம் தள்ளிப் போனா வெள்ளை ஓரம் தெரியாம இருக்க, நாலு பக்கமும் 3 மிமீ பின்னணிக் கலரை வெளிய நீட்டணும், அதுக்குப் பேர் பிளீட். அப்ப உங்க ஃபைல் அளவு 69-க்கு 94 மிமீ, 300 டிபிஐ-ல 815-க்கு 1110 பிக்சல். அதே மாதிரி உள்பக்கமா 3 மிமீக்குள்ள எழுத்தோ நம்பரோ வைக்காதீங்க.

கையில கார்டை விசிறியா விரிச்சுப் பிடிக்கும்போது கண்ணுல படறது இடது ஓரம் மட்டும்தான். அதனால விலையும் வகைச் சின்னமும் இடது மேல் மூலையில இருக்கணும், பேர் அதுக்குப் பக்கத்துல. தாக்கு, தடு கீழ ரெண்டு மூலையில. நடுவுல படம், அதுக்குக் கீழ விதிப் பெட்டி. வகையைக் கலரால மட்டும் காட்டாதீங்க, சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க முடியாத பசங்க இருப்பாங்க, சின்னத்தோட வடிவமும் வேறயா இருக்கட்டும், மின்னலுக்கு வெட்டுக்கோடு, காத்துக்குச் சுழி, மண்ணுக்கு முக்கோணம்.

பின்பக்கம் எல்லாக் கார்டுக்கும் ஒரே டிசைன். பின்பக்கத்துக்கு பார்டர் போடாதீங்க. ரெண்டு பக்கமும் அடிக்கும்போது பேப்பர் ஒரு மிமீ நகர்றது சாதாரணம், பார்டர் இருந்தா ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெல்லிசாத் தெரியும், அதை வச்சே எது என்ன கார்டுன்னு பசங்க கண்டுபிடிச்சுடுவாங்க. ஓரம் வரைக்கும் ஓடற கோலம் மாதிரிப் பேட்டர்ன் போட்டா நகர்ந்ததே தெரியாது.

தமிழ் எழுத்து

இதுக்குத் தனியா நேரம் ஒதுக்குங்க. கூகுள் ஃபான்ட்ஸ்ல காசில்லாம தமிழ் ஃபான்ட் நிறைய இருக்கு. பேருக்கு பலூ தம்பி நல்லா குண்டா இருக்கும், பசங்களுக்குப் பிடிக்கும். விதிக்கு முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ், இந்த மூணுல ஒண்ணு. விதி எழுத்து 8 பாயின்டுக்குக் கீழ போகக் கூடாது, இங்கிலீஷ் 6 பாயின்ட்லயும் படிக்கலாம், நம்ம ண, ழ, ஞ எல்லாம் சுழி அடைச்சு கறுப்புப் பொட்டா ஆயிடும். போல்டும் வேண்டாம். வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா விடுங்க, மேல கொக்கியும் கீழ வளைவும் முட்டிக்கும்.

போட்டோஷாப்ல தமிழ் உடைஞ்சு வந்தா ப்ரெஃபரன்சஸ்ல டைப் பகுதிக்குப் போய் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க. சோதிக்க வேற எங்கயும் போக வேண்டாம், கோபால் பேரையே அடிச்சுப் பாருங்க, கொம்பு எழுத்துக்கு முன்னாடி வந்து கால் பின்னாடி நின்னா சரி, கொம்பு தள்ளிப் போய் நின்னா அமைப்பு சரியில்ல. இங்க்ஸ்கேப், கேன்வால பொதுவா இந்தத் தொல்லை இல்ல.

வாக்கியத்தை நறுக்குங்க. "இந்த அட்டையைக் களத்தில் வைக்கும்பொழுது எதிராளியின் பொருள் அட்டைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதனை உணவாக மாற்றி ஒரு கோக்கோவைப் பெற்றுக்கொள்ளலாம்"னு எழுதினா பெட்டியும் பத்தாது பையனும் படிக்க மாட்டான். "எதிரியோட ஒரு பொருள் சாப்பாடா மாறும். உனக்கு 1 கோக்கோ." முடிஞ்சுது. நாலு வரிக்கு மேல எந்தக் கார்டும் போகக் கூடாது, போச்சுன்னா விதியே பெருசுன்னு அர்த்தம். ஒரே வேலைக்கு ஒரே சொல்தான், ஒரு கார்டுல தாக்கு இன்னொண்ணுல அடின்னு எழுதினா ரெண்டும் வேறயான்னு சண்டை வரும். ஆனா பசங்க வாயில வர்ற சக்திப் பேரை மாத்தாதீங்க, கெரிஸ் பெதிர்னு கத்திக்கிட்டுதான் கார்டை இறக்குவான், அதை மின்னல் குறுவாள்னு மாத்தினா அவன் கத்த மாட்டான்.

எல்லாத்தையும் கூகுள் ஷீட்ல போட்டுடுங்க, வரிசைக்கு ஒரு கார்டு, பேர், விலை, தாக்கு, தடு, விதி, படத்தோட ஃபைல் பேர். நான்டெக்னு ஒரு இலவச மென்பொருள் விண்டோஸ்ல ஓடும், அது ஷீட்டைப் படிச்சு மொத்தக் கார்டையும் தானே அடுக்கிக் குடுக்கும். கத்துக்கக் கொஞ்ச நாள் ஆகும். 18 கார்டுக்கு கேன்வால ஒரு கார்டை ஒழுங்கா செஞ்சு டூப்ளிகேட் போட்டு மாத்தினாலே போதும்.

பிரிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

இந்தக் கேரக்டர் எல்லாம் ஒரு மலேசிய நிறுவனத்துல நிறைய பேர் ராப்பகலா உழைச்சு உருவாக்கினது, 1987 பதிப்புரிமைச் சட்டம் அவங்க பக்கம் இருக்கு. வீட்டுல, பசங்களோட விளையாட செய்யறதோட நிறுத்திக்குங்க. பாசார் மாலாம்ல கடை போட்டோ ஆன்லைன்லயோ விக்காதீங்க. தொடரோட லோகோவைப் போடாதீங்க, அவங்க வெளியிட்ட கார்டோட முதுகுப் பக்கத்தைக் காப்பி அடிக்காதீங்க, கீழ சின்னதா "ரசிகர் தயாரிப்பு, விற்பனைக்கு அல்ல"ன்னு போடுங்க. விக்கணும்னு ஆசை இருந்தா அனுமதி கேட்டு எழுதுங்க, இல்லன்னா இதே முறையில உங்க சொந்தக் கேரக்டரை உருவாக்குங்க.

பிரிண்ட்

வீட்டு பிரிண்டர்ல ஏ4 பேப்பரைப் படுக்க வச்சு ஒரு வரிசைக்கு 4, ரெண்டு வரிசை, 8 கார்டு பிளீடோட உட்காரும். நிக்க வச்சு 9 போடலாம்னு பாப்பீங்க, பிளீடோட அகலம் 207 மிமீ வருது, ஏ4 210 தான், ஓரத்துல பிரிண்டர் அடிக்காத இடத்துல மாட்டிக்கும். அடிக்கும்போது ஃபிட் டு பேஜ் போடாம ஆக்சுவல் சைஸ் போடுங்க. முதல்ல சாதாரண பேப்பர்ல ஒண்ணு அடிச்சு ரூலரை வச்சு அளங்க, அகலம் 61 வந்தா பிரிண்டர் சுருக்கியிருக்கு.

கடைக்குப் போறதுதான் என் யோசனை. எஸ்ஆர்ஏ3ங்கறது கடையில அடிக்கற பெரிய ஷீட், 320-க்கு 450 மிமீ, அதுல கார்டைப் படுக்க வச்சா ஒரு பக்கம் 3, ஒரு பக்கம் 6, சரியா 18. அதனாலதான் 18 டிசைன்னு சொன்னேன், ஒரு ஷீட் ஒரு ஆளோட முழு செட், பேப்பர் வீணே இல்ல. ஷீட்டுக்கு இவ்வளவுன்னு விலை சொல்லுவாங்க, கார்டுக்கு இவ்வளவுன்னு கேட்டுடாதீங்க. டவுன்ல தடிப் பேப்பர் அடிக்கற மெஷின் இல்லன்னா ஈப்போல தேடினா கிடைக்கும்.

பேப்பர் 300 அல்லது 310 ஜிஎஸ்எம் (பேப்பரோட எடை அளவு) ஆர்ட் கார்டு கேளுங்க, 260-ம் பரவாயில்ல, ஸ்லீவ்ல போட்டா வித்தியாசம் தெரியாது. ஃபைலை பிடிஎஃப்பா, எழுத்தை எல்லாம் "பாத்" (path), அதாவது வெறும் கோட்டு வடிவமா மாத்தி, வெட்டற இடத்தைக் காட்டற கட் மார்க்கோட குடுங்க. எழுத்தை மாத்தாமக் குடுத்தா கடைக் கம்ப்யூட்டர்ல அந்தத் தமிழ் ஃபான்ட் இருக்காது, கட்டம் கட்டமா வரும். கலர் சிஎம்ஒய்கேல (பிரிண்ட் மையோட நாலு கலர் முறை) வச்சுக்குங்க, போன்ல பளிச்சுன்னு தெரியற ஊதாவும் மின்னற பச்சையும் மையில மங்கித்தான் வரும், அடு டு பச்சையைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளினா நல்லா எடுக்கும். விதி எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும், நாலு மையும் கலந்த கறுப்பா இருந்தா சின்ன எழுத்தைச் சுத்தி கலர் ஓரம் தெரியும். ஒரே ஒரு ஷீட் அடிச்சு வெயில்ல கொண்டு வந்து பாத்துட்டு மிச்சத்தை அடிக்கச் சொல்லுங்க.

லேமினேட் பளபளப்பில்லாத மேட்ல போடுங்க, பளபளக்கற கிளாஸி போட்டா லைட் அடிச்சு எழுத்து தெரியாது. ரெண்டு பக்கமும் போடணும், ஒரு பக்கம் மட்டும் போட்டா நம்ம ஊர் ஈரத்துக்கு ரெண்டே நாள்ல வளைஞ்சுடும். ஹாலோகிராம் ஃபிலிம் இருந்தா போபோய்போயும் மூணு பிரிவும் மட்டும் அதுல போட்டுக்கலாம், எல்லாத்துக்கும் போட்டா எதுவுமே விசேஷமா இருக்காது.

வெட்டறதும் வச்சுக்கறதும்

கடையிலயே மெஷின்ல வெட்டிக் கேளுங்க. வீட்டுல வெட்டறதா இருந்தா இரும்பு ரூலர், புது பிளேடு போட்ட பேனாக்கத்தி, அடியில தடி அட்டை. ஒரே அழுத்துல வெட்டாதீங்க, லேசா மூணு நாலு தடவை இழுங்க. நீளக் கோடு எல்லாத்தையும் முதல்ல, அப்புறம் குறுக்குக் கோடு. கத்தி வேலை பெரியவங்க செய்யணும், பசங்க மூலை உருட்டற பஞ்ச் மெஷினைப் பிடிக்கட்டும், 3 மிமீ ரேடியஸ் பாத்து வாங்குங்க. மூலையை உருட்டினதும் அது கடைக் கார்டாவே ஆயிடும், அந்த நேரத்துல பசங்க மூஞ்சியைப் பாக்கணும்.

ஸ்லீவ் 66-க்கு 91 மிமீ சைஸ் கேளுங்க. மைலோ டின்ல சிலிகா ஜெல் பாக்கெட்டோட போட்டு மூடி வச்சா மழைக்காலத்துலயும் நேரா இருக்கும், ரப்பர் பேண்ட் போடாதீங்க, ஓரம் மடங்கிடும். கார்டு அடியில செட் நம்பரும் வெர்ஷன் நம்பரும் சின்னதாப் போட்டு வைங்க. விளையாட விளையாட மாத்தணும்னு பசங்க சொல்லுவாங்க, அதை ஷீட்ல தேதி போட்டு எழுதி வச்சு அடுத்த தடவை அடிக்கும்போது சேர்த்துக்கலாம், அடுத்த 18-க்கு பெதிர் தன்னோட அடுத்த கட்டமான ஹாலிலிந்தாரா மாறறதுல இருந்து ஆரம்பிக்கலாம், அதுக்கு என்ன குறை வைக்கறதுன்னு நோட்டுல ஒரு பக்கம் காலியா விட்டு வச்சிருங்க.